பொடி யாருக்கு?

உங்களில் சிலர் இன்னும் சில வாரங்களில் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் திறந்து பலகை மாட்டப் போகிறீர்கள் என்று சொன்னார்கள். சந்தோஷம். பலகை மாட்டிய உடனே உங்களைத் தேடி வரப்போகிற நோய் எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நெஞ்செரிச்சல். புளியேப்பம், வயிற்று உப்புசம், சாப்பிட்டதும் தொண்டை வரை ஏறி இறங்குகிற காந்தல். நம் ஆயுர்வேத நூல்கள் இதை அமிலபித்தம் என்கின்றன. தாம்பரத்தில் எல்லோரும் ‘கேஸ்’ என்றார்கள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே நான் சிகிச்சை நிலையம் வைத்திருந்த காலம் முழுவதும் அந்த ‘கேஸ்’தான் எனக்குச் சோறு போட்டது.

வந்தவர்களைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். காலையில் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அலுவலகத்தில் பசியை டீயால் அடக்கிக்கொள்கிறவர்கள். வீடு திரும்பியதும் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்துவிடுகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு நான் கொடுத்தது அவிபத்திகர சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, திரிபலா, ஏலம், கிராம்பு என்று தொடங்கும் அந்தப் பட்டியல் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். சர்க்கரை அதிகம் சேர்வதால் குழந்தைகூட முகம் சுளிக்காமல் சாப்பிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இனிக்கிற பொடியை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. அதில் சிவதை வேரும் நிறையச் சேர்கிறது. சிவதை பேதிக்குக் கொடுக்கிற சரக்கு.

மின்சார ரயில் ஓட்டுகிற ஒருவர் இந்தப் பொடியை வாங்க வந்தபோது அதை எனக்கு நினைவுபடுத்தினார். “டாக்டர், தாம்பரத்துல வண்டிய எடுத்தேன்னா பீச் ஸ்டேஷன் வரைக்கும் நான் எங்கயும் எறங்க முடியாது. அதை மனசுல வெச்சுக் குடுங்க” என்றார். விடுமுறை நாளில் வீட்டில் இருந்தபடி குறைந்த அளவில் ஆரம்பிக்கச் சொன்னேன். அவர் குணமானார், ரயிலும் நேரத்துக்கு ஓடியது. நூலில் ஒரே அளவுதான் எழுதியிருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் பிழைப்பையும் சேர்த்துத்தான் நாம் அளவு போட வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஏகாம்பரத்தைப் பற்றி. பெயரை மாற்றிச் சொல்கிறேன்.

ஏகாம்பரம் சிட்லபாக்கத்துப் பழைய குடும்பத்துக்காரர். அவருடைய அப்பா ஏரித் தண்ணீரில் நெல் போட்ட நிலமெல்லாம் எண்பதுகளில் மனைகளாகிப் போயின. இவர் கம்பி, சிமெண்ட், பெயிண்ட் விற்கிற கடை ஒன்றைத் திறந்தார். அதுவரை வயலிலும் வரப்பிலும் நடந்த மனிதர் கல்லாவில் உட்கார்ந்ததும் டீயும் பஜ்ஜியும் பழகிக்கொண்டார். என்னிடம் வந்த அன்று மார்பைத் தடவிக்கொண்டே, “இன்னா டாக்டரம்மா, நெஞ்சுக்குள்ள யாரோ அடுப்பு பத்த வெச்ச மாதிரி கீது” என்றார்.

டீயை நிறுத்தினேன். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து நேரத்துக்கு வரவழைக்கச் சொன்னேன். பொடி கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் அவர் எரிச்சலை மறந்துவிட்டார். பொடியை மட்டும் மறக்கவில்லை. பெரிய பொட்டலமாக வாங்கிப் போய்க் கண்ணாடி பாட்டிலில் கொட்டி, பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைக்கு வருகிற மேஸ்திரி, சென்டரிங் வேலைக்காரர், வீடு கட்டுகிற வாத்தியார், யார் வயிற்றைத் தடவினாலும் ஒரு ஸ்பூன்.

“இது கடலை மிட்டாய் இல்ல சார். ஆள் பாத்துக் குடுக்கற மருந்து” என்று நான் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

“நமக்கு நல்லாச்சுன்னா நாலு பேருக்கும் நல்லாகட்டுமே டாக்டரம்மா” என்பார் சிரித்துக்கொண்டே. பிறகு யார் யாருக்குக் கொடுத்தார், யாருக்கு எப்படிக் குணமானது என்று பெயர் பெயராகச் சொல்வார். அப்படிக் குணமானவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ‘ஏகாம்பரம் கடையில சொன்னாங்க’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார். நோயாளிகளை உங்களிடம் அனுப்பிக்கொண்டே இருக்கிற மனிதரிடம் ‘முடியாது’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று ஏகாம்பரம் வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. என்னையும் அழைத்திருந்தார்கள். நிலையத்தை ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தேன். பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஏகாம்பரம் பட்டு வேட்டியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“கொஞ்சம் பொடி கட்டுங்க டாக்டரம்மா. பாட்டில் காலி.”

“போன வாரந்தானே வாங்கிட்டுப் போனீங்க?”

“விசேஷ வூடு. சொந்தக்காரங்கள்லாம் வந்துகினு கீறாங்க. வேணாமா?”

“யாருக்கு எரிச்சல்?”

“அட, பொதுவாத்தான்.”

கரண்டியைப் பொடிக்குள் விட்டிருந்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன். எப்போதும் பெயர் சொல்லிப் பெருமைப்படுகிற மனிதர் அன்று பெயர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இடித்தது. வேறு எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

“யாருக்குன்னு சொல்லுங்க சார். சொன்னாத்தான் கட்டுவேன்.”

பெஞ்சில் இருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முகம் மாறியது. “இன்னா டாக்டரம்மா, என்னாண்டயே இப்டி கேக்கறீங்க” என்றார். நான் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மருமவளுக்குத்தான். ரெண்டு நாளா நெஞ்சுக்குழில எரியுதுன்னுது. எம் பொஞ்சாதி காலைலயும் சாயங்காலமும் கரைச்சு குடுத்துகினு கீறா. கேக்கல. அதான், கொஞ்சம் ஜாஸ்தியா குடுக்கலாம்னு.”

அவர் மருமகள் செல்விக்கு அப்போது ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது.

கர்ப்பிணிக்குச் சிவதை ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிமிடம் என்னை அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது வேறு ஒன்று. கடைசி மாதங்களில் நெஞ்சுக்குழியில் வருகிற வலி எல்லாமே அமிலபித்தம் ஆகிவிடாது. ரத்த அழுத்தம் ஏறி, உடம்பும் ஈரலும் வீங்கி வருகிற வலியும் அதே இடத்தில்தான் எரியும். நோயாளி அதே வார்த்தைகளால்தான் அதைச் சொல்வாள். அதை எரிச்சல் என்று நம்பி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் வலிப்பு வரும். தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

“அவளுக்குத் தலைவலி இருக்கா?”

“விசேஷ வூட்ல பொம்பளைங்களுக்குத் தலைவலி இல்லாமயா?”

பெஞ்சில் இருந்தவர்களைச் சாயங்காலம் வரச் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டேன். “பொடி?” என்றார் ஏகாம்பரம். “முதல்ல பொண்ணைப் பாக்கறேன்” என்றேன். அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். அவருக்குக் கோபம் என்பது ஸ்கூட்டர் போன வேகத்திலேயே தெரிந்தது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஏழு வகைச் சாதமும் மூடி வைத்திருந்த இடத்திலிருந்து புளியோதரை வாசனை வந்தது. செல்வி நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண். ரயிலில் போகும்போது சில முறை என்னோடு பேசியிருக்கிறாள். கன்ன எலும்பு தெரிகிற ஒல்லியான முகம். அன்று அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணிமைகூட உப்பியிருந்தது.

மாமியார் வசந்தா அவளுக்கு வளையல் போட முயன்றுகொண்டிருந்தார். வளையல் விரல் முட்டிகளைத் தாண்டவில்லை. “அளவு குடுத்துத்தானே வாங்கினோம். அப்ப சரியா இருந்துச்சே” என்று அலுத்துக்கொண்டு சோப்பு நுரை கொண்டுவரச் சொன்னார். “மாசமா இருந்தா கை கால் ஊதத்தான் செய்யும்” என்று யாரோ சொல்ல, “நெஞ்சு எரிஞ்சா கொழந்தைக்கு முடி நெறய்ய இருக்கும்” என்று இன்னொருத்தி சொல்ல, கூடமே சிரித்தது. செல்வியும் சிரிக்க முயன்றாள்.

நான் அந்தச் சிரிப்புக்கு நடுவே போய், “நான் ஒரு வளையல் போடட்டுமா?” என்று கேட்டு அவள் கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

குனிந்து காதோடு கேட்டேன். “தலைவலிக்குதா?”

“ரெண்டு நாளா டாக்டர். பின்னந்தலை பொளக்குது.”

“கண்ணுல ஏதாவது?”

“அப்பப்ப பூச்சி பறக்கற மாதிரி மின்னுது. இப்பக்கூட உங்க முகம் சரியாத் தெரியல.”

“இவளை ஒரு நிமிஷம் உள்ள கூட்டிட்டுப் போறேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவளை எழுப்பிப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அழுத்தம் பார்த்தேன். நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தேன். அந்த எண்ணை உங்களிடம் சொல்லிப் பயமுறுத்தப் போவதில்லை.

ஏகாம்பரத்தையும் வசந்தாவையும் அறைக்குள் கூப்பிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

“வளையல் போட்டு முடிச்சுட்டுப் போலாமே” என்றார் வசந்தா. “பாதில எழுப்பக்கூடாது டாக்டரம்மா. நல்ல நேரம் இன்னும் ஒரு மணி நேரந்தான் கீது.”

“அந்த ஒரு மணி நேரத்துல இவளுக்கு வலிப்பு வரலாம்.”

வசந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஏகாம்பரம் கதவைப் பார்த்தார். வெளியே அவருடைய அண்ணன் தம்பிகள், சம்பந்தி வீட்டார், தெருவில் பாதிப் பேர். பிறகு என்னிடம் வந்து கெஞ்சுகிற மாதிரி சொன்னார். “நீங்களே இன்னாவாச்சும் குடுங்களேன். உங்க கைராசி எனக்குத் தெரியாதா? உங்க கையால ஒரு ஸ்பூன் பொடி குடுத்தீங்கன்னா அடங்கிடும்.”

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம்மை நம்பாதவர்களால் நமக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். நம்மை அளவுக்கு மீறி நம்புகிறவர் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கும்போதுதான் நமக்கே ஆசை வந்துவிடும். எனக்குள்ளும் ஒரு குரல் கேட்டது. ஒருவேளை எல்லாம் சாதாரணமாக இருந்தால்? வளைகாப்பைப் பாதியில் நிறுத்தி மருமகளைக் கிளப்பிக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லிவிட்டால்? அபசகுனம் பண்ணின டாக்டரம்மாவிடம் அதற்குப் பிறகு யார் வருவார்கள்? ஏகாம்பரம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெஞ்ச் காலியாகிவிடும்.

“ஏகாம்பரம் சார், நான் சொல்லித்தானே டீயை விட்டீங்க?”

“ஆமா.”

“நான் சொல்லித்தானே பொடி குடிச்சீங்க?”

“ஆமா டாக்டரம்மா.”

“அதே ஆள்தான் இப்பவும் சொல்றேன். இது என் பொடிக்கு அடங்கற எரிச்சல் இல்ல. வண்டியை எடுக்கச் சொல்லுங்க.”

பின்னாலிருந்து அவர் மகன், செல்வியின் கணவன் குமாரின் குரல் கேட்டது. அப்பா முன்னால் வாயே திறக்காத பையன் என்று பெயர் வாங்கினவன். எப்போது வந்து வாசலில் நின்றான் என்று தெரியவில்லை.

“நான் வேனை எடுக்கறேன்ப்பா” என்றான். எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சொந்தக்காரர்கள் வந்திருந்த வேன் அது. முன்னால் குமாரும் வசந்தாவும் உட்கார்ந்தார்கள். பின் இருக்கையில் செல்வி என் மடியில் தலை வைத்து இடப்பக்கமாகப் படுத்திருந்தாள். விருந்தினர்களைக் கவனித்துவிட்டு வருவதாக ஏகாம்பரம் பந்தலிலேயே நின்றுவிட்டார். நாங்கள் போக வேண்டிய ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையில் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு மின்சார ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்த் திசையில் இன்னொன்று வர வேண்டும் என்றார்கள். குமார் இறங்கிப் போய்த் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வசந்தா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி ‘என்ன மருந்து கொடுத்தீர்கள்’ என்பதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அலோபதி டாக்டர்கள் நம்மைப் பார்த்த பார்வை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேதி மருந்து சேர்ந்த சூரணத்தை ஒன்பது மாதக் கர்ப்பிணி இரண்டு நாளாகக் குடித்திருக்கிறாள் என்று நான் சொல்லியாக வேண்டும். அதனால் அவளுக்கு வயிற்றுப்போக்கு இருக்கிறதா, வலி எடுத்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

“செல்வி, அந்தப் பொடி எவ்வளவு குடிச்சே? உள்ளதைச் சொல்லு.”

அவள் முன் இருக்கையை ஒரு முறை பார்த்தாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள்.

“குடிக்கவே இல்ல டாக்டர்.”

“என்ன?”

“அந்த வாசனையே எனக்குக் குமட்டும். அத்தை கரைச்சுக் குடுப்பாங்க. வாங்கிட்டுப் பின்பக்கம் போய் வாழைக்கு ஊத்திடுவேன். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் தலையைத் தடவிக்கொடுத்து, “சொல்லமாட்டேன்” என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. இரண்டாவது ரயில் போனதும் கேட் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்த பிரசவ டாக்டர் ஏறக்குறைய என் வயதுப் பெண். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. பேச்சில் ஒரு சொல் மிகுதி கிடையாது. செல்வியைப் பார்த்ததுமே நர்ஸுகளை விரட்டத் தொடங்கிவிட்டார். ஊசி போட்டார்கள், சிறுநீர் எடுத்தார்கள். பிறகு வெளியே வந்து, வசந்தா பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் கேட்டார். “நீங்க ஆயுர்வேதமா? என்ன குடுத்தீங்க?”

நான் கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செல்வி குடிக்கவில்லை என்று சொல்லியும் தப்பித்திருக்கலாம். இரண்டும் உண்மைதான். முதலாவதைச் சொன்னால் பழி வசந்தா தலையில் விழும். இரண்டாவதைச் சொன்னால் என் மடியில் படுத்துக்கொண்டு என்னை நம்பிச் சொன்ன பெண்ணை அவள் மாமியாரிடம் காட்டிக்கொடுத்ததாகும். “உங்க ரூம்ல சொல்றேன் டாக்டர்” என்றேன்.

அறைக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். சூரணத்தில் என்னென்ன சேர்கிறது, வீட்டில் எப்படிக் கொடுத்தார்கள், அது எங்கே போயிற்று என்பது வரை. அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஒரு வாய்கூடக் குடிக்கலையா? நிச்சயமா?”

“அவ சொன்னதை நான் நம்பறேன்.”

“மாமியாருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிய வேண்டாம்” என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எழுந்தபோது, “இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். அவரோடு எனக்கு அன்று ஏற்பட்ட பழக்கம் நான் நிலையத்தை மூடும்வரை நீடித்தது. சந்தேகம் வந்தால் கேட்கவும், நோயாளியை அனுப்பவும் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவரை முதலிலேயே தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்த பிறகு தேடாதீர்கள்.

மதியம் அறுவை சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. சின்னதாக இருந்தாலும் நன்றாக அழுதது. சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துப் போனார்கள். செல்வியின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னதும் குமார் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வசந்தா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பந்தலிலிருந்து பின்னாலேயே வந்து சேர்ந்த ஏகாம்பரம் மட்டும் உள்ளே வரவே இல்லை. தேடிக்கொண்டு போனேன். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

“பேத்தி பொறந்திருக்கா. உள்ள வாங்க.”

“நான் வரல டாக்டரம்மா.”

“ஏன்?”

“நாந்தானே பொடிய வூட்ல கொண்டாந்து வெச்சேன். அதுக்கு நல்லது, இதுக்கு நல்லதுன்னு நாந்தானே சொல்லிகினு இருந்தேன். அதக் கேட்டுத்தானே எம் பொஞ்சாதி குடுத்தா. நீங்க வேணான்னு எத்தினி வாட்டி சொன்னீங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னிக்கு காலைல இன்னும் ஜாஸ்தியா குடுக்கலாம்னு வேற வந்தேன்.”

செல்விக்கு வந்தது பொடியால் வந்ததில்லை என்று விளக்கினேன். கர்ப்பத்திலேயே வருகிற கோளாறு இது, பொடி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வந்திருக்கும் என்றேன். மருத்துவப்படி அது முழு உண்மை. அவர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. “எனக்கோசரம் சொல்றீங்க. எனக்குத் தெரியாதா?” என்றார்.

வாழைக்கு ஊற்றிய கதையை ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து உள்ளே வந்திருப்பார். வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த வரி என்னுடையதில்லை. செல்வியுடையது. நோயாளி நம் காதில் போட்டது நோயாளியின் சொத்து. அதை இன்னொருவர் கண்ணீரைத் துடைக்கக்கூட நாமாக எடுத்துச் செலவு செய்யக்கூடாது. அன்று நான் எடுத்த முடிவுகளில் வளைகாப்பை நிறுத்தியதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான்.

அடுத்த சில நாட்களும் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார், வாசலிலேயே நிற்பார், சாப்பாட்டுக் கூடையைக் குமாரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடையில் பாட்டிலை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டாராம். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வசந்தா என்னிடம் வந்து சொன்னார். “நெஞ்செரிச்சல் திரும்ப வந்துகிச்சு டாக்டரம்மா. பொடிய மட்டும் தொடமாட்டேன்றார்.”

செல்வி எழுந்து உட்கார ஆரம்பித்த நாளில் நான் அவளைப் பார்க்கப் போனேன். வீக்கம் வடிந்து பழைய முகம் திரும்பியிருந்தது. குழந்தையை அவளிடமே கொடுத்துவிட்டிருந்தார்கள். அவள் மாமனார் எங்கே நிற்கிறார், ஏன் உள்ளே வருவதில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் குழந்தையைப் பக்கத்துத் தொட்டிலில் கிடத்தினாள். பிறகு குமாரிடம், “மாமாவை உள்ள வரச் சொல்லுங்க. அத்தையும் வரட்டும்” என்றாள்.

ஏகாம்பரம் வந்து கதவோரமாக நின்றார். தொட்டிலைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.”

“நான் இன்னாத்துக்கும்மா உன்னத் திட்டப் போறேன்.”

“நான் அந்தப் பொடியைக் குடிக்கவே இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. வசந்தாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “நான் கையில குடுத்தேனேடி. டம்ளர் காலியா இருந்துச்சே” என்றார்.

“பின்னாடி வாழைக்கு ஊத்திட்டேன் அத்தை. ஒரு தடவைகூடக் குடிக்கல.”

வசந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மருமகளை முறைத்தார். ஏகாம்பரம் மெதுவாக என் பக்கம் திரும்பி, “நெசமா டாக்டரம்மா?” என்றார்.

“நிஜம்தான்.”

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். துண்டை எடுத்தபோது கண்ணில் நீரும் முகத்தில் சிரிப்புமாக இருந்தார்.

“பெரியவங்க குடுத்தா மறுபேச்சு பேசாம குடிக்கணும்னு உங்க வூட்ல உனக்குச் சொல்லித் தரலயேம்மா” என்றார். “நல்லா இருக்கட்டும் உங்க அப்பா அம்மா.”

குமார் சிரித்துவிட்டான். வசந்தா சிரிக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்து பார்த்தார், முடியவில்லை. ஏகாம்பரம் தொட்டிலுக்குப் போய்க் குனிந்து பேத்தியை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “வசந்தா, அந்தக் கூடைல இன்னா கீது?” என்று கேட்டார்.

“இட்லி.”

“ஒரு நாலு எட்து வையி” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.